பார்க்கின்சனுக்கு நீர்ப் பயிற்சி: மிதவை பெல்ட் வேண்டாம், ஷூவுக்குக் காசு செலவழியுங்கள்

தண்ணீரில் பயிற்சி செய்யலாம் என்று மருத்துவர் சொன்னதும், வீட்டார் முதலில் தேடி வாங்குவது இடுப்பில் கட்டும் மிதவை பெல்ட்டைத்தான். பார்க்கின்சன் என்ற நடுக்குவாத நோய் உள்ளவருக்கு ஆகவே ஆகாத சாமான் அது. பெரும்பாலான பெல்ட்டுகளில் நுரைக்கட்டை முதுகுப் பக்கம் இருக்கும். ஏற்கெனவே முன்னால் கூனியிருப்பவரின் இடுப்பை அது பின்னாலிருந்து தூக்க, முகம் தண்ணீரை நோக்கிச் சாயும். அப்போது முழங்காலை மடக்கி, தலையை நிமிர்த்தி, காலைச் சட்டென்று ஊன்ற வேண்டும். உடல் இறுக்கமும் அசைவின் மந்தமும் அதைத்தான் செய்ய விடாது.

ஆளைத் தூக்கத் தண்ணீரே போதும். மார்பளவு நீரில் உடல் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் காலில் இறங்கும், இடுப்பளவில் பாதி. 1949இல் லண்டனில் ஜேம்ஸ் மக்மில்லன் உருவாக்கத் தொடங்கிய, உடல் குறைபாடு உள்ளவர்களுக்கு நீச்சல் கற்றுத்தரும் ஹாலிவிக் முறையில் மிதவையே கிடையாது, ஒருவருக்கு ஓர் உதவியாளர் என்பதுதான் கணக்கு. எங்கள் ஓட்டும் அதற்கே. உதவியாளர் பிடித்துக்கொள்ள இடுப்புப் பட்டை ஒன்று வேண்டும்: நைலான் பட்டை, பிளாஸ்டிக் பக்கிள். பருத்திப் பட்டை நனைந்ததும் கனத்து, தளர்ந்து, மார்புக்கு ஏறிவிடும்.

காசு செலவழிக்க வேண்டியது தண்ணீருக்குள் போடும் அக்வா ஷூவில். குதிகால் மூடியிருக்க வேண்டும். செருப்பு, கிராக்ஸ் எல்லாம் மிதந்து கழன்று காலைத் தடுக்கும். லேஸ் வேண்டாம், நடுங்கும் விரலுக்கு வெல்க்ரோதான் சுலபம். கால் விரல்கள் சுருட்டி இழுக்கும் தொந்தரவு இருந்தால் முன்பக்கம் அகலமானதைப் பாருங்கள். அடிப்பாகத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வழுக்கக்கூடாது என்று மிகக் கெட்டியான பிடிப்புள்ள ரப்பரை வாங்கினால், காலைத் தேய்த்து நடப்பவரின் முன்பாதம் தரையில் ஒட்டிக்கொள்ளும், உடம்பு மட்டும் முன்னே போகும். ஈர டைல்ஸில் ஷூவைக் கையில் பிடித்து, லேசாக அழுத்தி முன்னே தள்ளிப் பாருங்கள். நுனி சிக்கி மடங்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நனைந்தால் தளரும் என்பதால், இரண்டு அளவுக்கு நடுவில் இருப்பவருக்குச் சிறியதே சரி.

நூடுல் என்று விற்கும் நீள நுரைக்குழாய் நல்ல சாமான், அக்குளில் கொடுக்காத வரை. இரண்டு கையாலும் தோளகலத்தில் பிடித்து, நீருக்குள் அழுத்தி, இடுப்பிலிருந்து இடமும் வலமும் மெல்லத் திருப்ப வேண்டும். மரக்கட்டை போல் இறுகிய முதுகுக்கு இதைவிட மலிவான பயிற்சிச் சாதனம் இல்லை. நீச்சல் பழகும் நுரைப்பலகையான கிக்போர்டை நட்டுக்குத்தாகப் பிடித்துத் தள்ளி நடப்பதும் நல்லதே. வேகம் இரட்டித்தால் நீரின் எதிர்ப்பு நான்கு மடங்காகும் என்பதால் முதல் சில வாரம் நிதானமாகவே தள்ளட்டும். நுரை டம்பெல்லுக்கு அவசரமில்லை. கை இறுகப் பற்றினால் தோளும் சேர்ந்து இறுகும்; விரித்த உள்ளங்கையே ஆரம்பத்துக்குப் போதும்.

மிதக்கும் வெப்பமானி ஒன்று வாங்கிவிடுங்கள். 32 முதல் 34 டிகிரி செல்சியஸ் வரை சௌகரியம். குளிர்ந்த நீரில் தசை இறுகும், நடுக்கமும் கூடும். சூடு மிஞ்சினால் ரத்த அழுத்தம் இறங்கிக் களைப்பு வரும்.

இவ்வளவும் வாங்கி, குளத்தில் செங்குத்தான இரும்பு ஏணி மட்டும் இருந்தால் வீண். இரு பக்கமும் கைப்பிடி உள்ள அகலப் படி வேண்டும். வெளியே வரும்போது படியில் இடுப்பளவு நீரில் இரண்டு நிமிடம் உட்கார வையுங்கள். உடலைச் சுற்றி நீர் கொடுத்த அழுத்தம் திடீரென்று விலகும்போதுதான் தலைசுற்றி விழுகிறார்கள். பார்க்கின்சனுக்குத் தரும் லெவோடோபா மாத்திரை வேலை செய்யும் நேரமாகப் பார்த்து இறக்குவது முக்கியம். பலருக்கு அது போட்டு 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் கழித்து.

மூளையில் மின்தூண்டல் கருவி பொருத்தியவர்களுக்குத் தனி எச்சரிக்கை. நன்றாக நீந்திக்கொண்டிருந்த ஒன்பது பேர் அந்த அறுவைக்குப் பிறகு நீந்தும் திறனை இழந்ததாகச் சூரிச் மருத்துவர்கள் 2019இல் பதிவு செய்தார்கள். "எனக்கு நீச்சல் தெரியும்" என்று அவர் சொன்னாலும் ஆழத்துக்கு விடாதீர்கள். மார்பளவு நீரில், கைக்கெட்டும் தூரத்தில் ஆள் நிற்க வேண்டும்.