போன் போடுவதா, மனு எழுதுவதா?

தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது, பக்கத்துக் காலி சைட்டில் புதர் மண்டிவிட்டது. யாரிடம் சொல்வது என்று கேட்டால் நம் கொங்குப் பக்கத்தில் ஆளுக்கொரு பதில் வரும். கவுன்சிலரைப் பாருங்க என்பார் ஒருவர். 1100-க்கு அடிங்க என்பார் இன்னொருவர். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுங்க என்பார் மூன்றாமவர். மூன்றையும் செய்து பார்த்திருக்கிறேன். கோளாறு யாருடைய இடத்தில் இருக்கிறது என்று பார்த்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

விளக்கு, குப்பை, சாக்கடை மாதிரி மாநகராட்சியின் சொந்தப் பொறுப்பு என்றால் கவுன்சிலர்தான் சீக்கிரம். 2016 கடைசியிலிருந்து 2022 பிப்ரவரித் தேர்தல் வரை நகரங்களில் கவுன்சிலர்களே இல்லாமல் நாம் பட்ட பாடு மறக்கக்கூடியதா? அந்தத் தேர்தலில் கோவைக்கு 100 வார்டு, திருப்பூர், ஈரோடு, சேலத்துக்குத் தலா 60 என்று ஆள் வந்தார்கள். "ஏனுங்க, மூணாவது வீதி முக்குல லைட் எரியலீங்க" என்று ஒரு போன் போதும். கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் வருகிற ஆள் தேடி அலைய வேண்டாம். குறை என்னவென்றால் நம் கையில் எந்த அத்தாட்சியும் இருக்காது. அவர் மறந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்துதான்.

1100-இல் அந்த அத்தாட்சி கிடைக்கும். முதல்வரின் உதவி மையம் என்பதால் எந்தத் துறை என்று நமக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அவர்களே பிரித்து அனுப்புவார்கள். ஆனால் தெரிந்தால் நேராகவே போய்விடலாம். மின்கம்பி தொங்கினால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம், 94987 94987. நெடுஞ்சாலைத் துறை ரோட்டில் குழி என்றால் அவர்களுடைய 'நம்ம சாலை' செயலி. ஊருக்குள் ஓடுகிற ரோடெல்லாம் மாநகராட்சியுடையது இல்லை, பெரிய ரோடுகள் பல நெடுஞ்சாலைத் துறையுடையவை. இது தெரியாமல் மாதக்கணக்கில் தவறான வாசலில் நிற்கிறவர்கள் நிறைய.

இனி காலி சைட். போன் வழி எனக்கு உதவாமல் போனது இங்கேதான். எங்கள் வீட்டை ஒட்டிய ஐந்து சென்ட் இடத்தில் பார்த்தீனியம் இடுப்பளவு நின்றது. யாரோ கொட்டிய இடிபாட்டுக்கு நடுவில் உடைந்த வாஷ்பேசின் ஒன்று, அதில் மழைத்தண்ணீர், தண்ணீருக்குள் துள்ளும் கொசுப்புழு. அந்த ஐப்பசியில் எங்கள் வீதியில் இரண்டு குழந்தைகளுக்கு டெங்கு. போனில் கொடுத்த புகாரை மூன்றே நாளில் 'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று முடித்துவிட்டார்கள். ஒரு செடிகூட அசையவில்லை. வார்டில் கேட்டால், "தனியார் இடமுங்க, நாங்களா கை வைக்க முடியாதுங்க" என்றார்கள். அதுவும் நியாயம்தான், உரிமையாளருக்கு நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் போக உரிமையாளர் யார் என்று தெரிய வேண்டும்.

எங்கள் கிரயப் பத்திரத்தைப் பிரித்துச் செக்குபந்தியை, அதாவது நாலு பக்க எல்லை விவரத்தை, பார்த்தேன். வடக்கு எல்லையில் அந்த இடத்துக்காரர் பெயரும் சர்வே எண்ணும் இருந்தன. அதை வைத்து ஒரே பக்கத்தில் மனு எழுதி, தேதி தெரிகிற இரண்டு போட்டோ ஒட்டி, வீதியில் பதினோரு பேரிடம் கையெழுத்து வாங்கிக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்தேன். கலெக்டர் ஆபீஸில் அது திங்கட்கிழமை; கோவை மாநகராட்சியில் செவ்வாய்க்கிழமை. ரசீதைக் கேட்டு வாங்குங்கள். அப்புறம் பதிலே வராவிட்டால், அந்த ரசீது எண்ணைக் குறிப்பிட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி 'என் மனு இப்போது யார் மேசையில் இருக்கிறது' என்று கேட்கலாம். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

எனக்கு அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. ஐந்தாவது வாரம் இடத்துக்காரரே ஜேசிபியோடு வந்தார். வெளியூரில் இருக்கிறாராம், நோட்டீஸ் கிடைத்த பிறகுதான் இடம் இப்படிக் கிடக்கிறது என்று தெரிந்ததாம்.

வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடிக் குறைகளைப் பேசும் ஏரியா சபையும் இருக்கிறது. 2022 நவம்பர் 1-இல்தான் நகரங்களில் முதன்முதலாகக் கூடியது. வீதிக்கே பொதுவான சாக்கடை, பூங்கா மாதிரி விஷயத்தைப் பத்துப் பேராகப் போய்ப் பேச நல்ல இடம். ஒற்றை விளக்குக்காக அதுவரை காத்திருக்க வேண்டாம்.

அந்த மனுவின் நகலை இன்னும் பத்திரத்தோடு சேர்த்தே வைத்திருக்கிறேன். போன மழைக்குச் சைட்டின் ஓரத்தில் பார்த்தீனியம் மறுபடி தலைகாட்டியிருக்கிறது.