முதலீட்டு வங்கியில் கோடை இன்டர்ன்ஷிப்: ஒரு திருப்பூர் பொண்ணோட அனுபவம்

மூணாம் வருஷப் பரீட்சை முடிஞ்ச கையோட பெங்களூருல ஒரு அமெரிக்க முதலீட்டு வங்கியோட டெக்னாலஜி பிரிவுக்கு இன்டர்ன்ஷிப் போனேன். மே கடைசில ஆரம்பிச்சு ஜூலை வரைக்கும். எங்க கோயமுத்தூர் காலேஜ்ல ஜூனியர்ஸ் நெறையப் பேரு "எப்படி இருந்துச்சுங்கக்கா, போலாமா?"ன்னு கேக்கறாங்க. போலாம், கண்டிப்பாப் போங்க. புதுசு புதுசா டெக்னாலஜி கத்துக்கற ஆசைல போறதா இருந்தா வேற எடம் பாருங்க. அடுத்தவங்க காசு நாம எழுதற ப்ரோக்ராம் கோடு வழியாப் போறப்ப எவ்வளவு கவனம் வேணும்னு கத்துக்கறதுக்கு இதைவிட நல்ல எடம் எனக்குத் தெரியலை.

தேர்வு முறையைப் பத்திச் சுருக்கமாச் சொல்லிடறேன். முதல்ல ஆன்லைன் டெஸ்ட்: கோடிங், கொஞ்சம் கணக்கு. அப்புறம் இன்டர்வியூ. டேட்டா ஸ்ட்ரக்சர் கேள்வி வழக்கமானதுதான். ஆனா ரெண்டாவது இன்டர்வியூல பாதி நேரம் என் ரெஸ்யூம்ல இருந்த ஒரே ஒரு வரியைப் பத்தியே கேட்டாங்க. அப்பா திருப்பூர்ல சின்னதா பனியன் ஜாப் ஒர்க் எடுத்துப் பண்றாரு. நூல் நிட்டிங்குக்குப் போகும், துணி டையிங்குக்குப் போகும், அங்கிருந்து துணி சுருங்காம அமுக்கற காம்பேக்டிங், அப்புறந்தான் கட்டிங். ஒவ்வொரு எடத்துலயும் டெலிவரி சலான்ல ஒரு எடை இருக்கும், திரும்பி வர்றப்ப வேற எடை இருக்கும். வேலையிலயே இயல்பாக் கொறையற ப்ராசஸ் லாஸ் எவ்வளவு, எவ்வளவு நெசமாவே காணாமப் போனதுன்னு பிரிச்சுப் பாக்க அப்பாவுக்கு ஒரு சின்ன சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்திருந்தேன். "ரெண்டு சலானும் ஒத்து வரலைன்னா எதை நம்புவே?"ன்னு கேட்டாங்க. எங்க வீட்டுல தினமும் பொழுதோட நடக்கற பேச்சே அதுதான். பதில் தானா வந்துச்சு.

போன பொறகுதான் தெரிஞ்சுது, எனக்குக் கொடுத்த வேலையும் அதேதான். ரெகன்சிலியேஷன்னு பேரு, டீம்ல சுருக்கமா 'ரெகான்'னு சொல்லுவாங்க. வங்கியோட கணக்குல ஒரு பங்கு வியாபாரம் பதிவாகியிருக்கும். அதே வியாபாரம் எதிர்த் தரப்போட ஃபைல்லயும் வரும். எண்ணிக்கை, விலை, தேதி, நாணயம் எல்லாம் பொருந்தோணும். பொருந்தலைன்னா அதுக்குப் பேரு 'பிரேக்'. நான் எழுதினது, பிரேக் எதனால வந்துதுன்னு வகை பிரிக்கற ஒரு ஜாவா சர்வீஸ். தேதி மாறினதாலயா, ரவுண்டிங்காலயா, பங்கு ஸ்ப்ளிட் ஆகி, அதாவது ஒரு பங்கு ரெண்டாப் பிரிஞ்சு, எண்ணிக்கை இரட்டிப்பானதாலயா, இல்லை நெசமாவே தப்பா?

வெளிய இருந்து பாக்கறதுக்குச் சின்ன வேலையாத் தெரியும். உள்ள போனா ஆழம் தெரியும். காலேஜ்ல விலைன்னா, தசமத்தைத் தோராயமா வெக்கற 'டபிள்' வகைன்னு டிக்ளேர் பண்ணிட்டுப் போயிட்டே இருப்போம். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினா கம்ப்யூட்டர் 0.30000000000000004-னு காட்டும்னு கிளாஸ்ல எல்லாருமே படிச்சிருக்கோம், படிச்சதோட சரி. இங்க அந்தக் கடைசி 4 ஒரு பிரேக்காகி, யாரோ ஒருத்தரு காலைல உக்காந்து அதைத் தேடோணும். அதனால காசு வர்ற எடம் எல்லாத்துலயும், தசமத்தைத் துல்லியமா வெக்கற பிக்டெசிமல்தான். எத்தனை தசம எடம், எந்தப் பக்கம் ரவுண்டிங்னு தெளிவாச் சொல்லியாகோணும். ஜப்பான் யென்னுக்குத் தசமமே கிடையாது, குவைத் தினாருக்கு மூணு எடம். எல்லா நாணயத்துக்கும் ரெண்டு எடம்னு நெனச்சு எழுதின கோடு அங்க நிக்காது. டீம்ல ஒரு சீனியர், கோபிச்செட்டிபாளையத்துக்காரரு, என் முதல் கோடு ரிவ்யூல கேட்டது ஒரே கேள்விதான்: "இந்த ரவுண்டிங் எந்த எடத்துல நடக்குதுங்க, எனக்கு அந்த வரியைக் காட்டுங்க." அதுக்கப்புறம் நான் எழுதற ஒவ்வொரு வரிக்கும் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாத்துட்டுத்தான் அனுப்பினேன்.

இன்னொண்ணு, நேரம். அமெரிக்காவுல 2024 மே 28-லிருந்து பங்கு வியாபாரம் நடந்த மறு வேலை நாளே காசும் பங்கும் கை மாறியாகோணும். அதுக்கு முன்னால ரெண்டு நாள் இருந்துச்சு. நம்ம ஊர்ல 2023 ஜனவரி 27-லயே முழுசா இந்த முறைக்கு வந்துட்டாங்க. கேக்கறதுக்கு ஒரு நாள்தானேன்னு தோணும். கணக்குப் போட்டுப் பாருங்க. கோடை காலத்துல நியூயார்க் சந்தை மூடறப்ப நமக்கு ராத்திரி ஒண்ணரை மணி. ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டதை உறுதி பண்ண அவங்களுக்குக் கெடு ராத்திரி ஒன்பது, நமக்குக் காலைல ஆறரை. நடுவுல அஞ்சு மணி நேரம். முன்னெல்லாம் ஒரு பிரேக்கை நாளைக்குப் பாக்கலாம்னு வெக்க முடிஞ்சுது. இப்ப அந்த 'நாளைக்கு' இல்லை. நான் எழுதற வகை பிரிக்கற கோடு எதுக்குன்னு இந்தக் கணக்கைப் போட்டப்பத்தான் எனக்கு முழுசாப் புரிஞ்சுது. ஒரு மனுஷன் விடியக்காலைல நூத்துக்கணக்கான வரியைப் பாக்கறதுக்குப் பதிலா, பாக்கவேண்டிய நாலு வரியை மட்டும் பாக்கறதுக்கு.

புரொடக்‌ஷன்ல, அதாவது நெசமா ஓடிட்டிருக்கற சிஸ்டத்துல, கை வெக்க விடமாட்டாங்கன்னு சில நண்பர்கள் குறை சொல்லுவாங்க. நான் அதைக் குறையாச் சொல்லமாட்டேன். ஒரு வரி மாத்தினாலும் டெஸ்ட், ரிவ்யூ, அனுமதின்னு போகும், திரும்ப எடுக்கறதுக்கான வழியையும் எழுதிக் கொடுக்கோணும். ஏன்னு முதல் வாரப் பயிற்சிலயே சொன்னாங்க. 2012 ஆகஸ்ட் 1-ந் தேதி நைட் கேப்பிடல்ங்கற அமெரிக்கக் கம்பெனில புதுக் கோடை எட்டு சர்வர்ல ஏத்தோணும். ஏழுலதான் ஏறுச்சு. எட்டாவதுல பழைய கோடு உசுரோட இருந்து தானாவே ஆர்டர் போட ஆரம்பிச்சிருச்சு. சுமார் 45 நிமிஷத்துல 40 கோடி டாலருக்கு மேல நஷ்டம். மறு வருஷமே அந்தக் கம்பெனி இன்னொண்ணோட சேந்துபோச்சு. நம்ம காலேஜ்ல, எழுதின கோடை சர்வர்ல ஏத்தற டிப்ளாய்மென்ட்ங்கற பேச்சே இல்லாம நாலு வருஷம் முடிஞ்சுருது. அதை மாத்தியே ஆகோணும்னு இப்ப உறுதியா நெனைக்கறேன்.

இனி குறைகள். முதல் ரெண்டு வாரம் அனுமதிக்குக் காத்திருக்கறதுலயே போச்சு. டேட்டாபேஸ் பாக்க ஒரு அனுமதி, கோடு பாக்க ஒரு அனுமதி, ஒவ்வொண்ணுக்கும் ஒருத்தரு கையெழுத்து. மொத்தமே கொஞ்ச நாள்தான்ங்கறப்ப இது ரொம்ப வலிக்குது. நாங்க வர்ற தேதி அவங்களுக்கு மாசக்கணக்குக்கு முன்னாலயே தெரியும், ஏற்பாடு பண்ணி வெச்சிருக்கலாம்.

டீம் எது கிடைக்கும்ங்கறது நம்ம கைல இல்லை. என் கூட வந்த ஒரு பையனுக்கு யாருமே தொறந்து பாக்காத ஒரு டேஷ்போர்டு வேலை கொடுத்துட்டாங்க. அவன் திறமைக்கு அது அநியாயம். கடைசில முழுநேர வேலைக்கு ஆஃபர் வருமான்னு முடிவு பண்றப்ப அந்த வேலையை வெச்சுத்தானே பாப்பாங்க?

சாயங்கால மீட்டிங்கும் சொல்லியாகோணும். நியூயார்க் ஆளுங்க வேலைக்கு வர்ற நேரம் நமக்குப் பொழுது சாயற நேரம். எட்டு மணிக்கு மேல பேசினது உண்டு. அதுல நம்ம பக்கத்துப் பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் பயம் வேற. பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியத்துல படிச்சவ நான். முதல்ல சில மீட்டிங்ல வாயே தெறக்கலை. அப்புறம் பேசப்போறதை நாலு வரியா எழுதி வெச்சுட்டுப் பேச ஆரம்பிச்சேன். அவங்க இலக்கணத்தைப் பாக்கலை. எந்த ஃபைல், எந்த வரி, என்ன காரணம்னு நேராச் சொன்னா கவனமாக் கேட்டாங்க. தமிழ் மீடியம்ங்கறதுக்காக அப்ளை பண்ணாம இருக்கறவங்க யாராச்சும் இதைப் படிச்சா, தயவு பண்ணி அப்ளை பண்ணுங்க.

காசு: ஸ்டைபெண்ட் நல்லாவே கொடுத்தாங்க. மாரத்தஹள்ளிப் பக்கம் பி.ஜி. வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாம் போக வீட்டுக்கும் அனுப்ப முடிஞ்சுது. ஆனா முதல் சம்பளம் மாசம் முடிஞ்சுதான் வரும், பி.ஜி. அட்வான்ஸ் போன அன்னைக்கே கேப்பாங்க. அதுக்கு வீட்டுல முன்னமே சொல்லி வெச்சுருங்க. ஊருக்கு வர்றது கஷ்டமில்லை, கோயமுத்தூர் வந்தே பாரத் திருப்பூர்ல நிக்குது. அரிசிம்பருப்பு சாதத்துக்கு மட்டும் அங்க வழி கிடையாது.

வேலைக்குச் சேர்ற அன்னைக்கு எங்க வீட்டுல யாரும் எதிர்பாக்காத ஒண்ணு நடந்துச்சு. என் பேர்ல இருக்கற டீமேட் கணக்கு, அதாவது பங்கு வெச்சுக்கற கணக்கோட விவரத்தைக் கேட்டாங்க. கம்பெனிங்க முதல்முதலாப் பங்கு விக்கற ஐ.பி.ஓ.வுக்கு என் பேர்ல போடறதுக்காக அப்பா தொறந்தது. போன்ல சொன்னதும், "ஏன் கண்ணு, அதுல என்ன தப்பு?"ன்னு பதறிட்டாரு. தப்பு ஒண்ணுமில்லைங்கப்பா, உள்ள இருக்கறவங்களுக்கு வெளிய தெரியாத சேதி தெரிய வாய்ப்பு இருக்கறதால, முன்னனுமதி வாங்காம பங்கு வாங்கவோ விக்கவோ கூடாதுன்னு வெளக்கினேன். எனக்கு அந்தக் கண்டிப்பு புடிச்சிருந்துச்சு.

அடுத்த கோடைக்கு அப்ளை பண்றவங்க, டேட்டாபேஸ்லேருந்து விவரம் எடுக்கற எஸ்.க்யூ.எல். மொழியை நல்லாப் பழகுங்க, ஜாயினும் குரூப் பையும் தடுமாறாம எழுதத் தெரியோணும். ரெஸ்யூம்ல இன்டர்நெட்லேருந்து எடுத்த ப்ராஜெக்ட் வேண்டாம். உங்க வீட்டுத் தறிக்கோ, கோழிப்பண்ணைக்கோ, மஞ்சள் மண்டிக்கோ உபயோகமாகற மாதிரி ஒண்ணு எழுதி, அதை முழுசா வெளக்கத் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. ஆஃபர் வந்தா, சேர்றதுக்கு முன்னால ஹெச்.ஆர். கிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க: டீம் எப்ப முடிவாகும், அனுமதியெல்லாம் முதல் நாளே தயாரா இருக்குமா? டீமேட் கணக்கு இருந்தா அதோட விவரத்தையும் கையோட எடுத்துட்டுப் போங்க.