விமானம் பக்கத்தில் வரட்டும்: வார் தண்டரில் ஏஏ வண்டிகளோடு சில வருடங்கள்

வார் தண்டர் என்ற இணையப் போர் வீடியோ கேமில் தரைப்படை ஆட்டம் ஆடுபவர்கள் முதலில் டாங்கைத்தான் எடுப்பார்கள். விமான எதிர்ப்புத் துப்பாக்கி வண்டி, எங்கள் வட்டாரத்தில் சுருக்கமாக ஏஏ, கடைசியில்தான் நினைவுக்கு வரும். டாங்க் எல்லாம் வெடித்து முடிந்து, ஸ்பான் பாயின்ட் (அடுத்த வண்டியை இறக்கத் தேவையான மதிப்பெண்) குறைவாக மிஞ்சியிருக்கும்போது 'சரி, இதையாவது எடுப்போம்' என்று இறக்குவார்கள். இறக்கியதும் வானத்தில் புள்ளி தெரிந்தால் போதும், விரல் எடுக்காமல் சுடுவார்கள். தோட்டா பெல்ட் தீரும், ஒன்றும் விழாது, திரும்பி வரும் விமானம் இவர்களையே போட்டுத் தள்ளும். அப்புறம் 'ஏஏ எதுக்கும் ஆகாது' என்று ஒரு தீர்ப்பு.

நான் பல வருடங்களாக ரியலிஸ்டிக் முறையில், பெரும்பாலும் இரண்டாம் உலகப்போர் கால வண்டிகளோடு ஆடிவருகிறேன். ஆர்கேட் முறையில் எங்கே சுட வேண்டும் என்று திரையில் ஒரு குறி காட்டும். அங்கே நான் சொல்லப்போவது பாதிதான் பொருந்தும். ரியலிஸ்டிக்கில், ரேடார் இல்லாத வண்டியில், எவ்வளவு முன்னால் குறி வைப்பது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

கணக்கு எளிமையானது. மணிக்கு 450 கி.மீ. வேகத்தில் போகும் விமானம் ஒரு வினாடிக்கு 125 மீட்டர் நகர்கிறது. 20 மி.மீ. குண்டு குழாயை விட்டு வெளியேறும்போது வினாடிக்கு 900 மீட்டர் வேகத்தில் கிளம்பினாலும் காற்றில் சீக்கிரம் தளர்ந்துவிடும். ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஒன்றரை வினாடிக்கு மேல் ஆகும். அதற்குள் விமானம் ஏறக்குறைய 200 மீட்டர் போய்விடும். ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் போர் விமானத்தின் நீளம் 9 மீட்டர்தான். ஆக, இருபது விமான நீளத்துக்கு முன்னால் வெறும் வானத்தைக் குறிவைத்துச் சுட வேண்டும், அதன் பைலட் கொஞ்சம்கூடத் திரும்பக் கூடாது என்று வேண்டிக்கொள்ள வேண்டும். அதே விமானம் 500 மீட்டரில் இருந்தால் ஒன்பது, பத்து நீளம் போதும். தூரம் பாதியானால் தவறு பாதிக்கும் கீழே குறைகிறது, ஏனென்றால் குண்டு இன்னும் வேகம் இழக்கவில்லை, பைலட்டுக்கும் வளைய நேரமில்லை.

அதனால்தான் எங்கள் அணியில் குரல் இணைப்பில் அடிக்கடி கேட்கும் வாசகம், "மாப்ள, சுடாத, சுடாத, பக்கத்துல வரட்டும்."

பக்கம் என்றால் எவ்வளவு பக்கம்? இதற்கு எனக்கு உதவியது எங்கள் ஊர் மதுரை விமான நிலையம். வீடு அவனியாபுரம் பக்கம். மொட்டை மாடியில் நின்றால் இறங்குகிற விமானங்கள் தெரியும். அதில் ஏடிஆர்-72 என்ற, இறக்கையில் விசிறி சுழலும் பயணிகள் விமானத்தின் இறக்கை முனைக்கு முனை 27 மீட்டர். ஸ்பிட்ஃபயருக்குச் சுமார் 11 மீட்டர். அதாவது இரண்டரை கிலோமீட்டர் தள்ளிப் போகும் ஏடிஆரும் ஒரு கிலோமீட்டரில் இருக்கும் ஸ்பிட்ஃபயரும் கண்ணுக்கு ஒரே அளவுதான். ஆட்டத்தில் பி-17 மாதிரிக் குண்டுவீச்சு விமானம் வந்தால் நிறைய பேர் ஏமாறுவது இங்கேதான். அதன் இறக்கை 30 மீட்டருக்கும் மேல். தலைக்கு மேல் வந்துவிட்டது போலத் தெரியும், நிஜத்தில் நம் குண்டு எட்டாத உயரத்தில் போய்க்கொண்டிருக்கும். எந்த விமானம் என்று தெரியாமல் தூரம் தெரியாது. அதனால் ஏஏ ஆட விரும்புகிறவர் முதலில் படிக்க வேண்டியது விமானங்களின் உருவத்தை. இறக்கை எப்படி, வால் எப்படி, எஞ்சின் எத்தனை என்று பார்த்தவுடன் சொல்லத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

இனி எப்போது சுடுவது. விமானம் குறுக்கே பறந்து போகும்போது சுடுவதுதான் மிகக் கடினம், ஆனால் புதியவர்கள் அதிகம் சுடுவதும் அப்போதுதான். நேராக நம்மை நோக்கி வரும்போது முன்குறி கிட்டத்தட்டத் தேவையே இல்லை, மூக்குக்குச் சற்று மேலே வைத்தால் போதும். ஆனால் அவனும் நம்மை நோக்கிச் சுடுவான், நம் வண்டியோ பெரும்பாலும் கூரையில்லாதது. எனக்குப் பிடித்த நேரம் மூன்றாவது: குண்டைப் போட்டுவிட்டு மேலே ஏறுகிற அந்தச் சில வினாடிகள். வயிற்றுப் பக்கம் முழுதாகத் தெரியும், ஏற ஏற வேகம் குறையும், அவன் பார்வை கீழே என்ன வெடித்தது என்பதில் இருக்கும். எந்த வளைவில் போவான் என்பதும் முன்கூட்டியே தெரியும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. அவன் குண்டு போடும்வரை காத்திருந்தால் நம்மாள் ஒருவனின் டாங்க் போயிருக்கும். முன்னாலேயே சுட்டால் அவன் மிரண்டு திரும்பிவிடுவான், நமக்கு எதுவும் கிடைக்காது. நம் ஆட்கள் பாயின்ட்டை, அதாவது ஆட்டத்தில் கைப்பற்ற வேண்டிய இடத்தை, பிடித்து நிற்கிறார்கள் என்றால் நான் முன்னாலேயே சுட்டுவிடுவேன், ஒன்றரை கிலோமீட்டரிலேயே. படாது என்று தெரியும். டிரேசர் (ஒளிக்கோடு இழுத்துப் போகும் குண்டு) கண்ணில் பட்டால் பத்தில் ஏழெட்டு பைலட்டுகள் கோணத்தை மாற்றிக்கொள்வார்கள், குண்டு வேறெங்கோ விழும். ஆட்ட முடிவில் வரும் பட்டியலில் இதற்கென்று ஒரு கட்டம்கூடக் கிடையாது. நிஜப் போரிலும் அப்படித்தான். ஒரு குண்டுவீச்சு விமானத்தை வீழ்த்த ஜெர்மானியர்களுக்கு ஆயிரக்கணக்கில் கனரகக் குண்டுகள் செலவாயின. ஆனால் அந்தச் சுடுதலுக்குப் பயந்து விமானங்கள் உயரத்தில் பறந்ததால் குறியும் கெட்டது.

வண்டிகளைப் பற்றி. புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது ஜெர்மனியின் விர்பெல்விண்ட். பான்சர்-4 டாங்கின் அடிச்சட்டத்தின்மேல் நான்கு 20 மி.மீ. குழாய்கள். முன்குறியில் கொஞ்சம் பிசகினாலும் நான்கு குழாய்களின் சிதறல் காப்பாற்றும். அதே சட்டத்தில் ஒற்றை 37 மி.மீ. குழாயுடன் வரும் ஆஸ்ட்விண்ட் பட்டால் பிய்த்துவிடும், ஆனால் படுவதற்குக் கை பழகியிருக்க வேண்டும். அமெரிக்காவின் எம்-16ல் நான்கு அரையங்குல மெஷின்கன்கள். ஒவ்வொன்றுக்கும் 200 தோட்டா டிரம், விடாமல் அழுத்தினால் அரை நிமிடத்துக்குள் காலி. தீப்பிடிக்க வைப்பதில் கெட்டி, கிட்டத்தில் மட்டும். எம்-19ன் இரட்டை 40 மி.மீ. போஃபர்ஸ் எனக்கு நெருக்கமானது. மெதுவாகத்தான் சுடும், ஒரு குண்டு பட்டால் பெரும்பாலும் கதை முடிந்தது. அந்த போஃபர்ஸ் வழி வந்த எல்-70யை இந்திய ராணுவம் இன்றும் வைத்திருக்கிறது, 2025 மே மாதச் சண்டையில் டிரோன்களுக்கு எதிராகப் பயன்பட்டது என்பதால் எங்கள் அணிப் பொடியன்களுக்கு அதன்மேல் தனி மரியாதை.

சோவியத்தின் இசட்எஸ்யூ-57-2ஐப் பற்றி எங்களுக்குள் தீராத சண்டை. 57 மி.மீ. குண்டு டாங்கின் பக்கவாட்டைத் துளைக்கும் என்பதால் ஏஏ என்று சொல்லி எடுத்துவிட்டு டாங்க் வேட்டைக்குப் போய்விடுவார்கள். "அண்ணே, மேல வருதுண்ணே!" என்று தம்பி ஒருவன் கத்திக்கொண்டிருப்பான், இவர் சந்துக்குள் காத்திருப்பார். கேட்டால் ரெண்டு டாங்க் எடுத்த கணக்கைக் காட்டுவார்.

ஷில்கா, கெபார்ட் என்று பிற்கால ஏஏ வண்டிகளுக்குப் போனால் ரேடார் வந்துவிடும். ரேடாரை ஒரு விமானத்தின்மேல் பூட்டினால் முன்குறி வட்டம் தானாக வரும். விமானம் இதே போக்கில் போகும் என்று வைத்துத்தான் அந்த வட்டம் கணக்குப் போடுகிறது. அவன் வளையத் தொடங்கினால் வட்டத்தை நம்பக் கூடாது. எச்சரிக்கைக் கருவி உள்ள விமானமென்றால் பூட்டிய கணமே பைலட்டுக்குத் தெரிந்தும்விடும். நான் கடைசிவரை பூட்டாமல் கண்ணால் தொடர்ந்து, கிட்டே வந்ததும் பூட்டிச் சுடுவேன். அதற்கும் மேலே ஏவுகணைகளும், மூன்று நான்கு கிலோமீட்டர் தள்ளி நின்று அடிக்கிற ஹெலிகாப்டர்களும். அங்கே துப்பாக்கிக்கு வேலை குறைவு, எனக்கு ஆர்வமும் குறைவு.

நிற்கும் இடம் பற்றி ஒன்றுதான். ஸ்பான் (வண்டிகள் இறங்கும் இடம்) நடுவில் நிற்காதீர்கள், குண்டு விழுவதே அங்கேதான். ஒரு பக்கம் வீடோ மேடோ மறைத்து, எதிரி வரும் திசையில் வானம் திறந்திருந்தால் போதும். ஒன்றை வீழ்த்தியதும் நூறு மீட்டராவது நகர வேண்டும். விழுந்தவன் இன்னொரு விமானத்தில் வருவான், உங்கள் டிரேசர் எங்கிருந்து கிளம்பியது என்று அவனுக்கு ஞாபகம் இருக்கும்.

மதுரையிலிருந்து ஆடுவதில் இணைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிங் (சர்வருக்குப் போய் வர ஆகும் மில்லி வினாடி) நூறைத் தாண்டுவது பிரச்சினையில்லை, நிலையாக இருந்தால் கை பழகிவிடும். ஏறி இறங்கினால்தான் விமானம் திரையில் தாவித் தாவிப் போகும், ஏஏ ஆட முடியாது. வைஃபையை விட்டுக் கேபிளுக்கு மாறியதில் எனக்குப் பாதி தீர்ந்தது. கத்திரி வெயிலில் லேப்டாப் கொதித்துப் படம் திக்கித் திணறும். அந்த மாதங்களில் ஆட்டப் படத்தில் நிழல், புல் எல்லாவற்றையும் குறைத்துவிடுவேன், விமானம் தெரிந்தால் போதுமே. நீண்ட நாள் ஏஏ ஆடுபவர்களுக்கு மட்டும் வரும் சிக்கல் மவுஸ். இடது பட்டன் சுவிட்ச் தேய்ந்து, அழுத்திப் பிடித்திருக்கும்போதே சுடுதல் அறுந்து அறுந்து போகும். டவுன்ஹால் ரோட்டில் சுவிட்சை மட்டும் பற்றவைத்து மாற்றித் தருகிறார்கள், புது மவுஸ் விலையோடு பார்த்தால் செலவு ஒன்றுமில்லை. புதிதாக வாங்குவதென்றால் கம்பி உள்ளதாக, திருகாணி போட்டுக் கழற்ற முடிகிற வகையாகப் பார்த்து வாங்குங்கள்.