ஒரு ஒஜிப்வா பெண்ணைத் தேடித் தந்த கனடா வாழ்க்கை வரலாற்று அகராதி

மிஷனரிப் பெண்களைப் பற்றிப் பேசச் சொன்னால், நாகர்கோவில் பக்கத்துச் சபைகளில், இங்கே லேஸ் பின்னலைக் கற்றுக்கொடுத்த மார்த்தா மால்ட் அம்மையாரில்தான் வந்து நிற்போம். இந்தத் தடவை பெண்கள் கூட்டத்துக்காக வேறு ஒருவரைத் தேடினேன். கிடைத்தவர் கனடாவின் ஒஜிப்வா பழங்குடியைச் சேர்ந்த கேத்தரின் சட்டன், ஒஜிப்வா பெயர் நானெபாவெக்வே. தேடித் தந்தது டொரான்டோ, லாவல் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் கனடா வாழ்க்கை வரலாற்று அகராதி. இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம்.

'மிஷனரி மனைவி' என்று ஒரு வரியில் அவரை முடித்துவிடவில்லை, அதற்கே நன்றி சொல்லணும். 1824இல் பிறந்தவர். வில்லியம் சட்டன் என்ற ஆங்கிலேயரைக் கல்யாணம் செய்து, கனடாவில் ஓவன் சவுண்ட் என்ற ஊரருகே தம் இனத்தார் கொடுத்த நிலத்தைத் திருத்திப் பயிர் வைத்தார். ஊழியத்துக்காக வெளியூரில் இருந்துவிட்டு 1857இல் திரும்பினால், நிலத்தை அரசு விற்பனைக்கு விட்டிருந்தது. சரி, விலைக்கு வாங்கலாம் என்று போனால், பழங்குடிப் பெண்ணுக்குப் பட்டா இல்லை என்றார்கள். பழங்குடிகளுக்கு உரிய ஆண்டுத் தொகையைக் கேட்டாலோ, வெள்ளைக்காரன் மனைவிக்குக் கிடையாதாம்.

பட்டாவுக்காக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியவர் என் மாமியார். இதை வாசித்துக் காட்டியதும், "அப்போ அவ யாருதானாம் மக்களே?" என்று கேட்டுவிட்டார்கள். எனக்குப் பதில் வரவில்லை.

தம் இனத்தாருக்காகப் பேச கேத்தரின் கர்ப்பிணியாகவே இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவின் சபையார் உதவினார்கள். 1860 ஜூன் 19 அன்று விக்டோரியா ராணியை நேரில் கண்டார். நம் ஊரில் நாடார் பெண்கள் மேலாடை அணிய அனுமதித்த தோள்சீலை உத்தரவு வந்ததற்கு அடுத்த வருடம் இது! அவர் குடும்பம் தங்கள் நிலத்தை வாங்க வழி பிறந்தது. மற்ற பழங்குடிகளுக்கு அந்த உரிமை கிடைக்கவில்லை. 1865இல் இறந்துபோனார்.

குறை என்றால், எல்லாம் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும்தான். பத்திகளும் நீளம்; போனில் வாசித்தால் கண் வலிக்கும். பெரியவர்களுக்கு அச்செடுத்துக் கொடுப்பது நல்லது. தொகுதிகளை இறந்த வருடப்படி பிரித்திருப்பதால் இவர் ஒன்பதாவதில் இருக்கிறார், அதுவும் ஒஜிப்வா பெயரில். முதலில் எட்டாம் தொகுதியில் அவருடைய உறவினரான போதகர் பீட்டர் ஜோன்ஸைப் படித்துவிட்டு, அப்புறம் இவரிடம் வாருங்கள்.