முதல்வர் காப்பீட்டு அட்டை: ஆபரேஷன் பில்லைத் தாங்கும், பஸ் செலவைத் தாங்காது

2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக வந்தது, 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆனது. 2018-இல் மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்த பிறகு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. இது ஆளுக்கு அல்ல, குடும்பத்துக்கு. அப்பாவுக்கு பைபாஸ் நடந்த வருடத்திலேயே அம்மாவுக்கு கீமோ என்றால் இரண்டும் ஒரே கணக்கில்தான் கழியும். பிரீமியத்தை அரசே கட்டிவிடுகிறது.

பெரிய ஆபரேஷனுக்கு இந்த அட்டை நிஜமாகவே கை கொடுக்கும். தாலியை அடகு வைக்கும் நிலையிலிருந்து எத்தனையோ வீடுகளைக் காப்பாற்றியிருக்கிறது. சிக்கல் விளிம்புகளில்தான்.

முதல் விளிம்பு வருமான வரம்பு. ஆண்டுக்கு 72,000 ஆக இருந்ததை 1,20,000 ஆக்கினார்கள். நல்லதுதான். ஆனால் 500 ரூபாய் கூலிக்கு மாதம் 20 நாள் வேலைக்குப் போனாலே அந்தக் கோட்டைத் தொட்டாகிவிடும். 25 நாள் போகிறவர் கணக்குப்படி வெளியே!

அடுத்தது ரேஷன் கார்டு. கல்யாணமான பெண்ணின் பெயரைப் பிறந்த வீட்டுக் கார்டில் நீக்கியிருப்பார்கள், புகுந்த வீட்டில் இன்னும் சேர்த்திருக்க மாட்டார்கள். காப்பீடு எந்தப் பக்கமும் இருக்காது. நோய் வந்த பிறகு ஓடாமல் இதை முதலில் சரிசெய்யுங்கள். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிவு முடியும். பெயர் எழுத்துகள் ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

ஆஸ்பத்திரியில் பலரும் தவறுவது இங்கேதான். வாசலில் திட்டத்தின் போர்டு இருந்தால் எல்லா வியாதிக்கும் செல்லும் என்று நினைத்துவிடுகிறார்கள். அங்கீகாரம் துறைவாரியாகத்தான். எலும்பு முறிவுக்கு அனுமதி பெற்ற இடத்தில் இதய சிகிச்சைக்கு இல்லாமல் போகலாம். 1800 425 3993 இலவச எண்ணில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். போனதும் அட்வான்ஸ் கட்டும் கவுன்டருக்குப் போகாமல் நேராகக் காப்பீட்டு கவுன்டரில் அட்டையைக் காட்டுங்கள். அப்ரூவல் வருவதற்கு முன்பு கையிலிருந்து கட்டிய காசைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு. "பேக்கேஜுக்கு (அந்த சிகிச்சைக்குத் திட்டம் நிர்ணயித்த தொகைக்கு) மேல் இவ்வளவு ஆகும்" என்றால் எதற்கு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதச் சொன்னதுமே பாதித் தொகை காணாமல் போவதுண்டு.

சர்க்கரை, பிரஷர் மாத்திரை, சாதாரண வெளிநோயாளி சீட்டு இதில் வராது. அதற்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையம்தான் வழி. டயாலிசிஸுக்கு அட்டை செல்லும்; ஆனால் வாரம் மூன்று தடவை போய்வரும் பஸ் செலவும், கூடப் போகிறவர் இழக்கும் மூன்று நாள் கூலியும் குடும்பத்தின் தலையில். கூடப் போகிறவர் அந்த 500 ரூபாய்க்காரர் என்றால் கூலி இழப்பு மட்டும் மாதம் சுமார் 6,000 ரூபாய்.