தீட்டும் கத்தியா, பிளேட் கத்தியா? கையால் சவரம் பழகுகிறவருக்கு

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது என்னுடைய சார்ஜ் சேவர் அலுமாரிக்குள் போய்விட்டது. கடைகளில் தொங்கும் மூன்று பிளேட் ரேசர் தலைகளின் விலையோ போகப் போக ஏறிக்கொண்டே இருந்தது. சரி, சலூன்காரர் பிடிக்கிற மாதிரிக் கத்தியைப் பிடித்து நாமே பழகுவோம் என்று அப்போதுதான் தோன்றியது. வவுனியாவில் சலூன் சாமான் விற்கும் கடை ஒன்றில் பிளேட் மாட்டும் கத்தி வாங்கினேன். அடுத்த வருடம் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த ஜெர்மனி மச்சான், அசல் சவரக்கத்தி ஒன்றைப் பெரிய பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்து தந்தார். அதிலிருந்து இரண்டையும் மாறி மாறிப் பிடித்துப் பார்த்துவிட்டு, இப்போது அசல் கத்தியோடு நின்றுவிட்டேன். கிளிநொச்சிப் பக்கம் இருந்துகொண்டு யாராவது இதைப் பழக யோசித்தால் உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தூரத்தில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கத்திதான். இரண்டும் மடங்கும், இரண்டுக்கும் கைப்பிடி உண்டு. பிளேட் கத்தியில் வழக்கமான இரட்டைப் பக்க பிளேட்டைக் கடுதாசியோடு நீளவாக்கில் முறித்து, ஒரு பாதியை உள்ளே தள்ளிப் பூட்டுவோம். இன்று எங்கள் சலூன்களில் இருப்பது இதுதான். அசல் கத்தியில் மாட்டவும் கழற்றவும் எதுவும் இல்லை. முழு அலகும் ஒரே உருக்கு, மழுங்கினால் தீட்ட வேண்டும். என்னுடையது 5/8 அங்குல அகலம், வட்ட முனை, சோலிங்கன் முத்திரை. சோலிங்கன் கத்திக்குப் பேர்போன ஜெர்மன் ஊர். ஜெர்மனியில் அந்தப் பெயருக்கு 1938 முதல் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. அந்த ஊர் வட்டாரத்தில் செய்யாத கத்தியில் அதைப் பொறிக்கக் கூடாது. வாங்குகிறவருக்கு இது ஒரு நம்பிக்கை, அவ்வளவுதான். நல்ல கத்தி வேறு ஊர்களிலும் உண்டு.

இரண்டுக்கும் பொதுவானதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெந்நீரால் முகத்தை ஊறவையுங்கள். மயிர் எந்தப் பக்கம் சாய்ந்து வளர்கிறது என்று விரலால் தடவிப் பாருங்கள், கழுத்தில் அது இடத்துக்கு இடம் மாறும். மற்றக் கையால் தோலை இழுத்துப் பிடியுங்கள். கத்தியை ஏறக்குறைய 30 பாகை சாய்வில் வையுங்கள். மயிர் சாயும் வாக்கிலேயே இழுங்கள், எதிர்வாக்கு பிறகு வரட்டும். அலகைப் பக்கவாட்டில் மட்டும் ஒருபோதும் நகர்த்தாதீர்கள். வெட்டு விழுவது பெரும்பாலும் அதனால்தான். சின்னக் கீறலுக்குச் சீனக்காரக் கட்டியை நனைத்துத் தடவினால் இரத்தம் நின்றுவிடும். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களும், நீரிழிவால் காயம் ஆறச் சுணங்குபவர்களும் இரண்டு கத்தியையும் விட்டுவிட்டு வேறு வழி பார்ப்பது நல்லது.

முகத்தில் வைத்ததும் தெரிகிற வித்தியாசம் பாரம். பிளேட் கத்தி பாரம் குறைந்தது, கையில் இருப்பதே தெரியாது. அதனால் கை தன்னை அறியாமல் அமத்தும். உள்ளே இருப்பது 0.1 மில்லிமீற்றர்த் தகடு, அதன் இரண்டு மூலையும் கூர். நாடியின் வளைவிலும் காதுச் சோணைக்குக் கீழேயும் அந்த மூலைதான் முதலில் இறங்கும். எங்கள் ஊர்ச் சலூன் ஐயா நான் பிடிக்கிற விதத்தைப் பார்த்துவிட்டு ஒன்றுதான் சொன்னார்: “அமத்தாதையும் தம்பி. கத்தி தன்ர பாரத்தில போகட்டும்.” பிளேட் கத்திக்கு அப்படிப் போகப் பாரமே இல்லை என்பது அசல் கத்தி கைக்கு வந்த பிறகுதான் விளங்கியது. அசல் கத்தியின் அலகு இரண்டு பக்கமும் குழித்து அரைத்து, விளிம்புக்கு வர வர மெலிந்துகொண்டே போகும். மயிரை வெட்டும்போது மெல்லிய ‘சர்ர்’ என்று ஒரு சத்தம் வரும். சாய்வு கூடினால் சத்தம் முரடாகும், குறைந்தால் சத்தமே இருக்காது. கண்ணாடியில் தெரியாத பிழையைக் காது சொல்லிவிடும். பழகுகிறவனுக்கு இது பெரிய உதவி. பிளேட் கத்தியில் கற்றுக்கொண்டு அசலுக்கு மாறலாம் என்று பலர் சொல்வார்கள். என் முகம் சொல்வது வேறு. பிழையைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்வது அசல் கத்திதான்.

ஆனால் இதை வைத்து மட்டும் யாரும் முடிவெடுக்க வேண்டாம். சவரம் ஆறேழு வாரத்தில் கைக்கு வந்துவிடும். கத்தியைப் பராமரிப்பதுதான் உண்மையான பாடம். வன்னியில் அதை நமக்காகச் செய்து தருகிற ஆளை நான் இன்னும் காணவில்லை. கோடாலி, மண்வெட்டி, கத்தரிக்கோல் சாணை பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். சவரக்கத்தியை அவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள். சுழலும் சாணையின் சூட்டில் அந்த மெல்லிய விளிம்பின் பதம் போய்விடும், பிறகு எந்தக் கல்லும் காப்பாற்றாது.

பராமரிப்பில் மூன்று வேலை. முதலாவது தோல்வார். ஒவ்வொரு சவரத்துக்கும் முன்னால் தொங்கவிட்ட தோல்வாரில் கத்தியைப் படுக்கவைத்து நாற்பது ஐம்பது தடவை போய்வர வேண்டும். முதுகு முன்னே போகும், கூர் பின்னால் இழுபடும். ஒவ்வொரு முனையிலும் கத்தியை முதுகின் மேல் உருட்டித் திருப்ப வேண்டும். கூரின் மேல் திருப்பினால் தோலும் போச்சு, கூரும் போச்சு. நான் முதலில் பழைய இடுப்புப் பட்டியை வைத்துப் பார்த்தேன். அதன் தையலும் மேடும் கூரை உருட்டிவிட்டன. பிறகு செருப்புத் தைக்கும் அண்ணையிடம் தையல் இல்லாத, இரண்டரை அங்குல அகலத் தோல் ஒன்று வெட்டுவித்தேன். முதல் கிழமையிலேயே அவசரத்தில் திருப்பி அதில் ஒரு பிளவு போட்டுவிட்டேன். அந்தப் பிளவு இன்றும் இருக்கிறது. கை அங்கே வரும்போது தானாக மெதுவாகும்.

இரண்டாவது கல். சவரம் இழுக்கத் தொடங்கினால், அதாவது மயிரை வெட்டாமல் பிடுங்குகிற மாதிரி இருந்தால், தோல்வார் காணாது. பெரியப்பா தச்சுவேலை செய்தவர், சீவுளி அலகு தீட்டும் கல் அவரிடம் இருந்தது. கல் கல்தானே என்று அதில் வைத்தேன். வருடக்கணக்காக உளி தேய்த்து நடுவில் குழிந்திருந்த கல் அது. கத்தியின் அடியும் நுனியும் தேய்ந்தன, நடு விளிம்பில் கல் படவே இல்லை. பெரியப்பா கத்தியைக் கையில் எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். “முதல்ல கல்லை மட்டம் பாரடா. பிறகு கத்தியைப் பாப்பம்.”

ஒரு கண்ணாடித் துண்டின் மேல் நீர் படக்கூடிய அரத்தாளை விரித்தோம். கல்லின் முகத்தில் பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு, தண்ணீர் விட்டுத் தேய்த்தோம். ஓரத்துக் கோடுகள் உடனே அழிந்தன. நடுவில் இருந்தவை கடைசி வரை அசையவில்லை, அவ்வளவு குழி. எல்லாக் கோடும் அழிந்தால் கல் மட்டம். புதுக் கல்லுக்கும் முதல் நாள் இதைச் செய்ய வேண்டும் என்று அன்று படித்தேன். பிறகு மச்சான் தண்ணீர் விட்டுத் தீட்டும் நீர்க்கற்கள் அனுப்பினார்: 1000, இரண்டு பக்கமும் உள்ள 4000/8000, 12000. எண் கூடக் கூடக் கல் நைசாக இருக்கும். கத்தியை விட இந்தக் கற்களுக்குத்தான் காசு கூடப் போனது. கத்தி வாங்க நினைப்பவர் இந்தக் கணக்கையும் சேர்த்தே போட வேண்டும்.

தீட்டுவது கேட்கும்போது நினைக்கிற அளவுக்குக் கடினம் இல்லை. முதுகையும் கூரையும் ஒன்றாகக் கல்லில் படுக்கவைத்தால் சாய்வைக் கத்தியே பார்த்துக்கொள்ளும், அதன் முதுகுத் தடிப்பு அதற்காகவே அளந்து செய்யப்பட்டது. தோல்வாருக்கு மாறாக, இங்கே கூர் முன்னே போக வேண்டும். அமத்தக் கூடாது. 1000 கல் விளிம்பின் இரண்டு முகமும் சந்திக்கும்படி அடித்தளம் போடுவதற்கு. அது ஒருமுறை சரியாக அமைந்தால் கத்தி எங்கேயாவது விழுந்து அடிபடும் வரை அந்தக் கல் தேவைப்படாது. பிறகு 4000, 8000, கடைசியில் 12000. புதுக் கத்தியும் பலவேளை தீட்டாமல்தான் வரும். வாங்கியவுடன் முகத்தில் வைத்து, இழுக்கிறது என்று வெறுத்து மூடி வைத்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களின் கையில் குறை இல்லை, கத்தி இன்னும் கத்தியாகவில்லை. இப்போது நான் நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை 12000 கல்லைத் தொடுகிறேன். இடையில் பச்சை நிறக் குரோமியம் ஒக்சைட் பசை தடவிய இன்னொரு தோலில் பத்துத் தடவை இழுத்தால் போதுமாக இருக்கிறது. எனக்கு இரண்டு நாளைக்கு ஒரு சவரம். தினமும் வழிப்பவருக்குக் கல் இன்னும் முந்தித் தேவைப்படும்.

மூன்றாவது, எங்கள் பக்கத்தில் எல்லாவற்றையும் விட முக்கியமானது, தண்ணீர். அசல் கத்தியில் பெரும்பாலானவை கறள் பிடிக்கும் உருக்கு. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சவர். சவர்க்காரம் போட்டால் நுரைக்கு முன்னால் வெள்ளையாகத் திரையும், கத்தியில் காய்ந்தால் புள்ளி புள்ளியாகச் சுண்ணாம்பு நிற்கும். நுரைக்கும் கடைசிக் கழுவலுக்கும் மட்டும் மழைத் தண்ணீரைப் போத்தலில் பிடித்து வைத்திருக்கிறேன். ஒரு சவரத்துக்கு ஒரு கோப்பை போதும், ஆனால் நுரையில் இருக்கும் வித்தியாசம் பெரிது. சோளகம் வீசும் மாதங்களில் முற்றத்தில் நின்று வழித்தால் ஒரு கன்னம் முடிவதற்குள் மறுகன்னத்து நுரை காய்ந்துவிடும். உள்ளே நின்று செய்யுங்கள்.

மாரியில்தான் நான் கிட்டத்தட்டக் கத்தியை இழந்தேன். கார்த்திகையில் அடை மழை, துடைத்துத்தான் மடித்து வைத்தேன். நாலாம் நாள் திறந்தபோது கைப்பிடிக்குள் ஒளிந்திருக்கும் விளிம்பில் கடுகளவில் மூன்று மண்ணிறப் புள்ளி. முகத்தில் வைத்தால் அந்த இடம் மட்டும் சுரண்டியது. 8000 கல் வரை திரும்பப் போக வேண்டியிருந்தது. அன்றிலிருந்து ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறேன். கழுவி, பழைய பருத்தித் துவாயால் முதுகிலிருந்து கூர்ப் பக்கமாக ஒற்றி எடுப்பேன். கைப்பிடியின் இடுக்குக்குள் துணியை இழுத்து ஈரம் எடுப்பேன். அரை மணித்தியாலம் திறந்தபடி வைத்துவிட்டு, தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி பூசுவேன். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள்போக்கில் பிசுபிசுத்துக் காறிப்போகும். குளியலறையில் வைக்காமல், புதுச் சப்பாத்துப் பெட்டிகளுக்குள் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு ஒரு தகரப் பேணிக்குள் வைக்கிறேன். இரண்டு மாரி போயிற்று, ஒரு புள்ளி இல்லை.

பிளேட் கத்திக்கு இந்த மூன்றும் இல்லை. மழுங்கினால் பாதி பிளேட்டை எறிந்துவிட்டு மறுபாதியை மாட்டலாம். கறள் பிடித்தாலும் போவது அந்தப் பிளேட்தான். பிளேட் பரந்தன் சந்திப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். கொழும்பில் அறை எடுத்துத் தங்கி வேலை செய்யும் என் தம்பிக்கு நானே பிளேட் கத்தியைத்தான் கொடுத்தேன். கல் வைக்க இடமும் தோல்வார் கட்ட ஆணியும் இல்லாத அறையில் அசல் கத்தி ஒரு மாதம் தாங்காது. பலருக்குச் சவரம் செய்கிற சலூன்களுக்கும் பிளேட் கத்திதான் சரி. ஒரே கத்தி முகத்துக்கு முகம் போனால் ஹெபடைடிஸ் பி, எச்.ஐ.வி. போன்றவை இரத்தத்தால் தொற்றலாம். ஆளுக்கு ஒரு புதுப் பிளேட் போடுவது அதனால்தான். வீட்டிலும் அசல் கத்தி ஒருவருக்கு மட்டுமே. அண்ணன் தம்பி என்றாலும் கொடுக்க வேண்டாம்.

சுத்தமான முகம் மட்டும்தான் வேண்டும், கத்தி பிடிக்கிற ஆசை இல்லை என்றால் இரண்டுமே தேவையில்லை. ஜில்லெட் 1904 இல் காப்புரிமை பெற்ற, பிளேட் கழற்றி மாட்டும் சேப்டி ரேசரே போதும்.

நான் சொல்வது ஒரே ஒரு அசல் கத்தியையும் நடுத்தரமான தாடியையும் வைத்து என்பதைக் கவனத்தில் எடுங்கள். சுருள் மயிர்க்காரருக்கு, வழித்த மயிர் தோலுக்குள்ளேயே வளைந்து வளர்கிற தொல்லை இருந்தால், எதிர்வாக்கில் நெருக்கி வழிப்பதை எந்தக் கத்தியாலும் நான் சொல்லிக்கொடுக்க மாட்டேன்.

அசல் கத்தி என்று மனது சொன்னால், முதலில் தோல்வாரை வாங்குங்கள், இரண்டாவதாகத் தீட்டி முடித்த கத்தியை வாங்குங்கள். கல் வாங்கும் காசை நாலு மாதத்துக்குச் சேர்த்து வைக்கலாம். முதல் கிழமைகளில் வலது கன்னம் மட்டும் கத்தியால் வழித்து, மிச்சத்தை வழக்கம்போல முடியுங்கள். தோல்வாரின் முனையில் கத்தியைத் திருப்பும்போது யோசிக்காமல் கை தானாக உருண்டால், அடுத்த நாள் இடது கன்னத்துக்குப் போகலாம்.