ஸ்காடாவா, பி.எம்.யு.வா?

2012 ஜூலை 30 அதிகாலை பினா–குவாலியர் 400 கிலோவோல்ட் மின்தடம் துண்டிக்கப்பட்டதும், அடுத்தடுத்த தடங்களும் துண்டிக்கப்பட்டு இந்தியாவின் வட மண்டல மின்தொகுப்பே சரிந்தது. இத்தகைய சரிவு நொடிக் கணக்கில் நடந்து முடிந்துவிடும்.

துணை மின்நிலையங்களைத் தொலைவிலிருந்து கண்காணித்து இயக்கும் ஸ்காடா (SCADA) அமைப்பு சில நொடிகளுக்கு ஒருமுறைதான் அளவுகளைக் கொண்டுவருகிறது. அவையும் எல்லா நிலையங்களிலும் ஒரே கணத்தில் எடுக்கப்பட்டவை அல்ல. எந்தத் தடம் முதலில் துண்டிக்கப்பட்டது என்பது அந்த இடைவெளிக்குள் மறைந்துவிடும். மின்னழுத்த, மின்னோட்ட அலைகளின் அளவையும் கோணத்தையும் அளக்கும் பி.எம்.யு. (PMU) கருவியோ நொடிக்கு 25 அல்லது 50 முறை அளவுகளை அனுப்புகிறது, ஒவ்வொன்றிலும் ஜி.பி.எஸ். நேர முத்திரையுடன். அதனால் தொலைதூரத் துணை மின்நிலையங்களுக்கு இடையிலான மின்னழுத்தக் கோண வேறுபாட்டை, அதாவது ஓரிடத்து மின்னழுத்த அலை மற்றதைவிட எவ்வளவு முந்தியோ பிந்தியோ இருக்கிறது என்பதை, நேரடியாகவே பார்க்கலாம். அது விரிந்துகொண்டே போனால் ஆபத்து நெருங்குகிறது. தொகுப்பில் வளரும் அலைவுகளும் இதில்தான் தெளிவாகத் தெரியும்.

மின்தடத்தைத் துண்டிக்கவும் இணைக்கவும் பிரேக்கரைத் திறந்து மூடும் அன்றாட இயக்கத்துக்கு ஸ்காடா போதும். ஆனால் தமிழ்நாட்டைப் போலக் காற்றுக்கேற்பச் சட்டென ஏறி இறங்கும் காற்றாலை மின்சாரம் பெருகிய இடங்களில், முக்கியத் துணை மின்நிலையங்களில் பி.எம்.யு. கட்டாயம் வேண்டும் என்பேன்.